மேற்குச் சுவருக்கு உமிப் பலகை

மன்னார்குடிப் பக்கம் எங்கள் வீட்டில் மேற்கு வெயில் முழுக்க விழும் அறை ஒன்று உண்டு. சித்திரையில் ராத்திரி பத்து மணிக்கும் சுவர் அனல் கக்கும். உள்பக்கமாக ஏதாவது பலகை செய்து மறைக்கலாம் என்று தை அறுவடையோடு ஆரம்பித்தேன்.

முதலில் வைக்கோல். கடைசி மழையில் நனைந்து, மாட்டுக்கும் வேண்டாமென்று விட்ட கட்டுகள். பொடியாக நறுக்கி, வாய்க்கால் களிமண் குழம்பில் பிரட்டி, அடிக்கு அடி, இரண்டு அங்குல கனத்தில் மரச்சட்டத்தில் அழுத்தினேன். தைப் பனியில் காயவே இல்லை. ஐந்தாம் நாள் பார்த்தால் பச்சைப் பசேலென்று முளை! அறுவடை மெஷின் தப்பவிட்ட நெல்மணிகள். "நாத்தங்கால் விட்டிருக்கியா தம்பி?" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியப்பா.

அடுத்து உமி. இதைக் கழிவு என்பதெல்லாம் பழைய கதை. ரைஸ் மில்களே கொதிகலனுக்கு எரித்துக்கொள்கின்றன, காசு கொடுத்துத்தான் வாங்கினேன். உமியில் சிலிக்கா அதிகம். அதனால் சீக்கிரம் மக்காது; வழுவழுப்பான மேல்தோலில் எதுவும் லேசில் ஒட்டவும் ஒட்டாது. நான்கு சட்டி உமிக்கு ஒரு சட்டி நீற்றுச் சுண்ணாம்பு போட்ட பலகை தூக்கும்போதே ஓரம் உதிர்ந்தது. அப்புறம் உமியை ஒரு ராத்திரி சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்து, வடித்து, மூன்றுக்கு ஒன்று கலந்தேன். வெயிலில் வைத்ததும் தப்பு. சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துத்தான் இறுகும்; அதற்குக் கொஞ்சம் ஈரம் வேண்டும். நிழலில் ஆறு வாரம் கிடந்த பிறகுதான் கைக்கு வந்தது.

சிமெண்ட் போடலாமே என்பார்கள். கரும்புச்சாறு கடைச் சக்கையில் சிமெண்ட் கலந்து ஒரு வில்லை போட்டேன். மூன்றாம் நாளும் விரல் பதிந்தது. சக்கையில் மிச்சமிருந்த சர்க்கரை சிமெண்டை இறுகவிடாது.

பங்குனிக் கடைசியில் பாதிச் சுவருக்கு மட்டும் பலகை வைத்தேன். மாலை 4 மணிக்கு வெறும் சுவர் 39 டிகிரி, பலகை மேல் 34. ஆசையில் நன்றாக இடித்து இறுக்கிய பலகைகள் மட்டும் 36 காட்டின. சூட்டைத் தடுப்பது உமிகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்று. இறுக்கினால் அது போய்விடுகிறது. கல்யாண வீட்டு ஐஸ் கட்டியை உமியில் புதைத்து வைத்தவர்கள் அதை இடித்தா வைத்தார்கள்? அறைக்குள் காற்றின் சூடு மட்டும் ஒரு டிகிரிகூட இறங்கவில்லை. பாதிச் சுவரை மூடிவிட்டு அதை எதிர்பார்த்ததும் அதிகம்தான்.

போன வாரம் கீழ்வரிசையில் முடை நாற்றம். பிரித்துப் பார்த்தால் பின்புறம் பூஞ்சை. எங்கள் சுவர் தரையிலிருந்து ஈரம் இழுக்கிறது. கீழ்வரிசையைக் கழற்றிவிட்டு, மற்றதை ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) அடித்துச் சுவரிலிருந்து ஒரு அங்குலம் தள்ளி மாட்டியிருக்கிறேன். மீதிச் சுவருக்கு இன்னும் நாற்பது பலகை வேண்டும். முளைத்த வைக்கோல் பலகைகளைக் கோழிகள் கொத்தித் தீர்த்துவிட்டன.