மெக்ரேயின் பட்டாலியனும் பெயர் தெரியாத முகங்களும்

1914 நவம்பரில் எடின்பரோவின் ஹார்ட்ஸ் கால்பந்து அணி ஸ்காட்லாந்து லீக்கில் முதலிடத்தில் இருந்தது. அந்த மாத இறுதியில் அணியின் ஆட்டக்காரர்கள் பலர், முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினரும் துணி வணிகருமான சர் ஜார்ஜ் மெக்ரே முதல் உலகப் போருக்காகத் திரட்டிய படையில் சேர்ந்தார்கள். அவர்களைப் பின்பற்றி ரசிகர்களும், களத்தில் அவர்களை எதிர்த்து ஆடிய பிற அணியினரும் சேர்ந்தார்கள். பல பட்டாலியன்கள் கொண்ட காலாட்படைப் பிரிவான ராயல் ஸ்காட்ஸ் ரெஜிமென்ட்டின் 16ஆவது பட்டாலியன் என்பது அதன் அலுவல் பெயர். மக்கள் வாயில் அது மெக்ரேயின் பட்டாலியன்.

1916 ஜூலை 1 அன்று, சோம் போரின் முதல் நாளில், இந்தப் பட்டாலியன் பிரான்சின் லா புவாசெல் அருகே தாக்குதலில் இறங்கியது. சிறு குழு ஒன்று கான்டல்மேசோன் கிராமம் வரை முன்னேறியது. ஹாரி வாட்டி, டங்கன் கரி, எர்னி எல்லிஸ் ஆகிய மூன்று ஹார்ட்ஸ் ஆட்டக்காரர்கள் அந்த ஒரே நாளில் மாண்டார்கள். போர் முடிந்த சில காலத்திலேயே கான்டல்மேசோனில் நினைவுச்சின்னம் எழுப்பும் எண்ணம் பிறந்தும், பணம் திரளாததால் அது நிறைவேறவில்லை. அங்கே கற்குவியல் வடிவில் சின்னம் எழுந்தது 2004 நவம்பரில்தான். அதற்குள் அங்கே போரிட்ட தலைமுறையே மறைந்துவிட்டது என்பதுதான் என்னை மிகவும் உறுத்துகிறது.

கல்லை எப்போது வேண்டுமானாலும் நடலாம். ஆளைப் பற்றிய விவரத்தை அப்படித் திரும்பப் பெற முடியாது. லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பட்டாலியன்களின் போர்க் குறிப்பேடுகள் இருக்கின்றன. அவற்றில் அதிகாரிகள் பெரும்பாலும் பெயரோடு வருகிறார்கள். சாதாரணச் சிப்பாய்களோ மாண்டவர் இத்தனை பேர், காயமுற்றவர் இத்தனை பேர் என்று எண்ணிக்கையாகவே வருகிறார்கள். அந்தச் சிப்பாய்களின் பணி ஆவணங்களைத் தேடினால், முதல் உலகப் போர்க் கோப்புகளில் பாதிக்கும் மேல் 1940 செப்டம்பரில் லண்டனில் விழுந்த குண்டுகளால் எரிந்துபோயின. ஆகவே ஒரு சிப்பாயை முழு மனிதராக அறிய, பல வேளைகளில் அவருடைய பேரப்பிள்ளைகளின் வீட்டிலுள்ள பழைய பெட்டியைத் தவிர வேறு வழியில்லை.

அந்தப் பெட்டியிலுள்ள பதக்கத்தைப் பளபளப்பாகத் தேய்க்கக் கூடாது. முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் வெள்ளிப் பதக்கத்தின் விளிம்பில் சிப்பாயின் எண், பதவி, பெயர், ரெஜிமென்ட் ஆகியவை சிறு எழுத்துகளில் பொறிக்கப்பட்டிருக்கும். ஆண்டுதோறும் மெருகேற்றினால் அந்த எழுத்துகள் மெல்ல மங்கிவிடும். எண் மட்டும் மிஞ்சினால் போதாது, ஏனென்றால் வெவ்வேறு ரெஜிமென்ட்டுகளில் ஒரே எண் பலருக்கு வழங்கப்பட்டிருந்தது. பெயர் மட்டும் மிஞ்சினாலும் போதாது. ஸ்காட்லாந்தில் ஜான் ஸ்மித்தும் ஜேம்ஸ் பிரவுனும் எத்தனை பேர் என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

புகைப்படங்களிலும் இதே கவனம் வேண்டும். ‘ராயல் ஸ்காட்ஸ் தாத்தா’ என்று குடும்பத்தில் சொல்லப்படுபவர் படத்தில் கில்ட் என்ற பாவாடை போன்ற ஸ்காட்டிஷ் உடை அணிந்திருந்தால், அவர் 16ஆவது பட்டாலியன்காரராக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அந்த ரெஜிமென்ட்டில் கில்ட் அணிந்தது 9ஆவது பட்டாலியன். மற்றவை கால்சட்டை அணிந்தவை. தொப்பியின் சின்னத்தையும் தோள்பட்டை எழுத்துகளையும் உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். படத்தின் பின்பக்கத்தையும் கட்டாயம் ஸ்கேன் செய்ய வேண்டும், ஏனென்றால் ஸ்டுடியோவின் பெயரும் ஊரும் பல வேளைகளில் அங்கேதான் அச்சாகியிருக்கும். கடிதங்களுக்கு லேமினேஷன் செய்வதும் செல்லோடேப் ஒட்டுவதும் அவற்றைக் கொல்வதற்குச் சமம்.

பகிர்வதில் நான் ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருக்கிறேன். ஆவணம் சொல்வதையும் குடும்பம் சொல்வதையும் கலந்து எழுதக் கூடாது. “மெக்ரேயோடு கைகுலுக்கினார்” என்பது பாட்டி சொன்னதாக இருந்தால், பாட்டி சொன்னது என்றே பதிவாக வேண்டும். அப்போதுதான் பின்னால் தேடுபவருக்கு அது பயன்படும், பாட்டியின் குரலும் தொலையாது.

ஹார்ட்ஸ் ஆட்டக்காரர்களை எடின்பரோ மறக்கவில்லை. நகரின் ஹேமார்க்கெட் பகுதியில் 1922இல் திறக்கப்பட்ட மணிக்கூண்டு நினைவுச்சின்னம், டிராம் பணிக்காக அகற்றப்பட்டும் 2013இல் மீண்டும் வைக்கப்பட்டது. 1633இல் தொடங்கிய ராயல் ஸ்காட்ஸ் ரெஜிமென்ட் 2006இல் பிற ஸ்காட்டிஷ் ரெஜிமென்ட்டுகளோடு இணைக்கப்பட்டுவிட்டாலும், அதன் அருங்காட்சியகம் எடின்பரோ கோட்டையில் இயங்குகிறது. என் கவலையெல்லாம் அந்த ஆட்டக்காரர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்ற கடைச் சிப்பந்திகள், தச்சர்கள், எழுத்தர்கள் பற்றியே. அவர்களில் ஒருவருடைய படம் உங்கள் குடும்பத்தில் இருந்தால், பெயர் தெரிந்த மூத்தவர் இருக்கும்போதே அதைக் காட்டிக் கேளுங்கள். மென்மையான பென்சிலால் பின்பக்க ஓரத்தில் எழுதி, இருபக்கப் பிரதியை அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவையுங்கள்.