ஒரு புதிய மண்புழுவின் உடற்கூற்றை எழுதி முடித்த கதை

மண்புழுவை வெளியிலிருந்து பார்த்தே இன்ன இனம் என்று சொல்லிவிடுவது அரிது. ஒரே இனத்துக்குள்ளேயே நிறமும் நீளமும் வேறுபடும். பதப்படுத்தும் திரவமான ஃபார்மலினில் கிடந்தால் நிறம் வெளிறிவிடும். சாகும்போது எவ்வளவு சுருங்கியது என்பதைப் பொறுத்து நீளமும் கூடும், குறையும். எங்கள் ஆய்வுக்கூட மேசைக்கு வந்த அந்தக் கரும்பழுப்புப் புழுக்கள் ஏற்கெனவே பெயர் பெற்றவையா, புதியவையா என்று தெரிய வேண்டுமென்றால் அவற்றைத் திறந்துதான் பார்த்தாக வேண்டும். அதைச் செய்து, எழுதி, வெளியிட்டது வரையிலான வேலையை இங்கே பகிர்கிறேன். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவும்.

மாதிரியைப் பதப்படுத்துவதிலேயே பாதி வேலை தீர்மானமாகிவிடுகிறது. உயிருள்ள புழுவை நேராக ஃபார்மலினில் போட்டால் முறுக்கிக்கொள்ளும். உடலின் வளைய வளையமான பகுதிகளான கண்டங்கள் ஒன்றோடொன்று நெருங்கி, எண்ணவே முடியாமல் போய்விடும். அதனால் முதலில் 10 சதவீத எத்தனாலில் மயக்கி, அசைவு முழுதும் நின்றபின் தட்டில் நேராக நீட்டிவிட்டோம். ஃபார்மலினுக்குப் போகும் முன்பே வால்பக்கத்திலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி, 95 சதவீத எத்தனாலில் தனிக் குப்பியில் வைத்தோம். ஃபார்மலின் டி.என்.ஏ.வைக் கெடுத்துவிடும் என்பதால் இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியாது. கிளைடெல்லம் என்ற தடித்த பட்டை முழுதாக வளர்ந்த முதிர்ந்த புழுக்களை மட்டுமே விவரிப்புக்கு எடுத்தோம். இளம் புழுவில் இனத்தைக் காட்டும் உறுப்புகள் பலவும் உருவாகியே இருக்காது.

அடுத்தது எண்ணுவது. மண்புழு விவரிப்பில் எந்த உறுப்பு இருக்கிறது என்பதைவிட அது எந்தக் கண்டத்தில் இருக்கிறது என்பதுதான் பேச்சு. வாய்க்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் புரோஸ்டோமியத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. வாயைச் சுற்றியுள்ள பெரிஸ்டோமியம் முதல் கண்டம். அதில் சீட்டாக்கள் என்னும் நுண்முட்கள் இருக்காது. இந்த வகைப் புழுக்களில் இரண்டாவதிலிருந்து ஒவ்வொரு கண்டத்தையும் சுற்றி சீட்டாக்கள் வளையமாக நிற்கும். இந்தப் புழுக்களின் முன்பகுதியில் ஒரே கண்டத்தின் மேல் இரண்டு மூன்று வரிப்பள்ளங்கள் ஓடி, தனித்தனிக் கண்டங்கள் என்று தோன்றவைக்கும். அங்கே சீட்டா வளையம்தான் துணை. வளையம் ஒன்று என்றால் கண்டமும் ஒன்று. புழுவின் தோலைச் சற்றே உலரவிட்டு, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் சீட்டா நுனிகள் வரிசையாக மின்னும். நான் முதுகுப்பக்கம் ஒருமுறை, வயிற்றுப்பக்கம் ஒருமுறை எண்ணி, இரண்டும் ஒத்துவந்த பின்பே குறிப்பேட்டில் எழுதினேன். கிளைடெல்லம் 14 முதல் 16 வரை, பெண் துளை 14இன் வயிற்றுப்பக்க நடுவில் ஒன்று, ஆண் துளைகள் 18இல் ஓர் இணை, இணைப்புழுவிடமிருந்து பெற்ற விந்தணுக்களைச் சேமிக்கும் விந்துகொள்பைகளின் துளைகள் 5/6, 6/7 பள்ளங்களில் (அதாவது 5, 6ஆம் கண்டங்களுக்கும் 6, 7ஆம் கண்டங்களுக்கும் இடையே) இரண்டு இணை.

இந்தப் பட்டியல் ஃபெரிடிமா வகைப் புழுக்களின் பக்கம் கைகாட்டியது. ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கான இனங்கள் ஃபெரிடிமா என்ற ஒரே பேரினத்தில் அடைந்து கிடந்தன. 1972இல் சிம்ஸ், ஈஸ்டன் இருவரும் அதைப் பல பேரினங்களாகப் பிரித்தார்கள். அந்தப் பிரிவினைப்படி நாங்கள் பார்க்க வேண்டியிருந்தவை மூன்று. குடலின் பக்கப்பைகள் 27ஆம் கண்டத்தில் தொடங்குகின்றனவா? விந்துகொள்பையின் குழாய் மேல் நெஃப்ரீடியங்கள் (கழிவு நீக்கும் நுண்குழாய்கள்) ஒட்டியிருக்கின்றனவா? ஆண் துளை உடற்சுவருக்குள் ஒரு கலவிப்பையில் திறக்கிறதா, மேற்பரப்பிலேயே திறக்கிறதா? நெஃப்ரீடியம் ஒட்டியிருந்தால் ஃபெரிடிமா. இல்லாமல் கலவிப்பை இருந்தால் மெட்டாஃபைர். இரண்டும் இல்லாவிட்டால் அமிந்தாஸ். எங்கள் புழு அமிந்தாஸ். விந்துகொள்பைத் துளைகள் 5/6, 6/7இல் இருப்பதால் அந்தப் பேரினத்துக்குள் மோரிசி என்ற இனக்குழு.

திறக்கும்போது முதுகின் நடுக்கோட்டில் வெட்டக் கூடாது. முதுகு ரத்தக்குழாய் அதற்கு நேர் கீழே ஓடுகிறது. கோட்டுக்குச் சற்றுத் தள்ளி, நுண்கத்தரியின் முனையை மேல்நோக்கி வைத்து வெட்டி, உடற்சுவரை இருபுறமும் விரித்து ஊசி குத்தினோம். ஐந்தாவது, பத்தாவது, பதினைந்தாவது கண்டம் என்று வரிசையாகக் குத்திய ஊசிகள்தான் பிறகு வழிகாட்டின. ஏனென்றால் உள்ளே கண்டங்களைப் பிரிக்கும் 8/9, 9/10 இடைச்சுவர்கள் இல்லை; அங்கே அரைவைப்பை இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. இடைச்சுவரை வைத்து எண்ணிக்கொண்டு வருகிறவர் அந்த இடத்தில் கண்டங்களைத் தவறவிட்டுவிடுவார். ஊசியைப் பார்த்தால் குழப்பமே இல்லை. விந்தகப் பைகள் 10, 11இல். விந்துப்பைகள் 11, 12இல். அண்டகங்கள் 13இல், 12/13 இடைச்சுவரின் பின்புறம் ஒட்டியபடி. மிகச் சிறியவை, தேடித்தான் பார்க்க வேண்டும். கடைசி இதயங்களும் 13இல்தான். 18ஐ ஒட்டி இருபுறமும் இலைக்கொத்துபோல் விரிந்த புரோஸ்டேட் சுரப்பிகள்.

என்னை அதிக நேரம் பிடித்து உட்காரவைத்தவை விந்துகொள்பைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய பை, அதிலிருந்து இறங்கும் தடித்த குழாய், குழாயின் அடியிலிருந்து பிரியும் மெல்லிய பக்கக்கிளை. அந்தக் கிளையின் நுனி சற்றே உப்பியிருக்கும். இனங்களுக்கிடையே வேறுபாடு பெரும்பாலும் இங்கேதான் தெரிகிறது: கிளை பையைவிட நீளமா, குட்டையா, நேராகப் போகிறதா, நெளிந்து போகிறதா, நுனி உருண்டையா, நீள்வட்டமா. எங்கள் புழுக்களில் கிளையின் நடுப்பகுதி நெளிநெளியாக மடிந்திருந்தது. எல்லா மாதிரிகளிலும் அப்படியே.

இந்த இடத்தில் ஒரு பெரிய எச்சரிக்கை தேவை. அமிந்தாஸ் பேரினத்தில் கலவியின்றி இனப்பெருக்கம் செய்யும் கூட்டங்கள் உண்டு. அமிந்தாஸ் கார்டிசிஸ் இதற்கு நன்கு தெரிந்த உதாரணம். அப்படிப்பட்ட கூட்டங்களில் புரோஸ்டேட் இல்லாமல் போகலாம், விந்துகொள்பைகள் சிறுத்துப்போகலாம், எண்ணிக்கையும் குறையலாம். நான்கு இணை உள்ள இனம் இரண்டு இணையோடு வந்து நின்றால், அதைப் புது இனம் என்று எழுதிவிடும் ஆபத்து இருக்கிறது. ஆகவே எண்ணிக்கையோடு நிறுத்தாமல் உறுப்பு வேலை செய்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அதற்கு ஓர் அழகான அடையாளம் இருக்கிறது. விந்தணுக்கள் நிறைந்த இடம் ஒளியில் வானவில் சாயலோடு பளபளக்கும். எங்கள் புழுவின் பக்கக்கிளை நுனியில் விளக்கை மெல்லத் திருப்பியபோது அந்தப் பளபளப்பு தெரிந்தது. விந்துப் புனல்களிலும் தெரிந்தது. இந்தப் புழு இன்னொரு புழுவிடமிருந்து விந்தணுக்களைப் பெற்றிருக்கிறது, இதன் இனப்பெருக்க உறுப்புகள் சிதைந்தவை அல்ல என்பதற்கு அதைவிட நேரடியான சாட்சி எனக்கு வேண்டியிருக்கவில்லை. அன்று அடைந்த மகிழ்ச்சி பெரிது.

படம் வரைவதைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. புகைப்படம் எடுங்கள், ஆனால் முதலில் வரையுங்கள். கேமரா குழாயின் விளிம்பையும் அதை ஒட்டிய சவ்வையும் ஒன்றாகவே பதிவுசெய்யும். கோடு போடும்போதுதான் கிளை எங்கே சேர்கிறது, உடற்சுவருக்கு உள்ளேயா வெளியேயா என்று முடிவெடுத்தாக வேண்டிவரும். எங்கள் விவரிப்பில் இரண்டு வாக்கியங்கள் அப்படிக் கோடு நின்றுபோன இடங்களில் மறுபடி பார்த்து எழுதியவை.

ஒப்பீடுதான் பொறுமையைச் சோதித்தது. மோரிசி குழுவில் பெயரிடப்பட்ட ஒவ்வோர் இனத்தின் மூல விவரிப்பையும் படித்தாக வேண்டும். பழையவற்றில் பல ஜெர்மன் மொழியில். சில, நான்கைந்து வரிகளில் முடிந்துவிடுகின்றன. விலங்கினங்களை அடையாளம் காணப் பயன்படும் மைட்டோகாண்ட்ரியாவின் சி.ஓ.ஐ. மரபணுவில் 658 எழுத்துத் துண்டை வரிசைப்படுத்தியதில் எங்கள் புழுக்கள் தனிக்கொத்தாக நின்றன. அது உதவியதே தவிர, அதுவே போதவில்லை. பழைய மூலமாதிரிகள் பலவற்றுக்கு டி.என்.ஏ. தரவே இல்லை; அவற்றோடு உறுப்பை வைத்துத்தான் ஒப்பிட முடியும்.

பெயரிடும் சடங்குகள் எளிதாகவே முடிந்தன. விலங்குப் பெயரிடல் விதிகளின்படி ஒரு மாதிரியை மூலமாதிரியாக அறிவித்து, அது எந்தச் சேகரிப்பில் இருக்கிறது என்று எழுத வேண்டும். மின்வடிவில் மட்டும் வெளியாகும் கட்டுரை என்றால் விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான சூபேங்கில் பதிவும் வேண்டும்.

மதிப்பாய்வாளர் ஒருவர் ஆண் துளைகளை ஒட்டிய இனப்பெருக்கக் குறிகள் (தோலில் தெரியும் சிறு புடைப்புகள்) எல்லா மாதிரிகளிலும் உள்ளனவா என்று கேட்டார். நியாயமான கேள்வி. மறுபடி எல்லாவற்றையும் பார்த்து, சிலவற்றில் ஒரு பக்கம் மட்டுமே இருப்பதை வேறுபாடுகள் பகுதியில் சேர்த்தோம். மூலமாதிரியோடு சேர்த்து அறிவித்த துணைமாதிரிகளில் சிலவற்றை வெட்டாமல் முழுதாகவே அருங்காட்சியகத்துக்குக் கொடுத்திருக்கிறோம். நாளை வேறொருவர் இந்தக் குழுவைத் திருத்தி எழுதும்போது, நாங்கள் முக்கியம் என்று நினைக்காத ஓர் உறுப்பை அவர் பார்க்க வேண்டியிருக்கும்.