அகேசியா உறைகளை மாற்றி அடுக்கிய நாட்கள்

கல்லூரி ஒன்றின் ஹெர்பேரியத்தில் உலர்தாவரத் தாள்களைப் பராமரிக்கும் வேலையில் பதினெட்டு ஆண்டுகளைக் கழித்திருக்கிறேன். பாடநூலில் பேரினம் என்பது ஒரு வகைப்பாட்டு நிலை. எங்களுக்கோ அது முதலில் ஓர் உறை. தடித்த பழுப்புத் தாளை இரண்டாக மடித்து, கீழ் ஓரத்தில் பேரினப் பெயரை எழுதி, அதற்குள் இனவாரியாகத் தாள்களை அடுக்கியிருப்போம். ஆய்வாளர்கள் ஒரு பேரினத்தை உடைத்தால், அந்தச் செய்தி சில ஆண்டுகள் கழித்து எங்கள் அறைக்கு வந்து சேரும்போது, உறையைப் பிரித்து, தாள்களை மேசையில் பரப்பி, ஒவ்வொன்றாகப் பார்த்துப் புதிய உறைகளில் சேர்ப்பது என் பொறுப்பாகும். அப்படி நான் செய்தவற்றில் மிகப் பெரியது அகேசியா.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது கருவேலம், வெள்வேலம், தென்மாவட்டத்தார் உடை என்றழைக்கும் குடைவேலம், கருங்காலி, சீயக்காய், இண்டு, நீலகிரியின் வாட்டில் மரங்கள், சாலையோரங்களில் நட்ட ஆரிகுலிஃபார்மிஸ் ஆகிய எல்லாமே அகேசியா என்ற ஒரே பெயரின் கீழ் இருந்தன. இந்தப் பேரினத்தின் பரவலை வரைபடத்தில் வரைந்தால் ஆப்பிரிக்கா, தெற்காசியா, ஆஸ்திரேலியா, வெப்பமண்டல அமெரிக்கா என்று உலகின் வெப்பப் பகுதி முழுவதும் நிறைந்துவிடும். அவ்வளவு பரந்த வரைபடம் உண்மையில் எதையும் சொல்வதில்லை என்பது, பிரித்து அடுக்கிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. அதிலிருந்து பிரிந்த புதிய பேரினங்களில் வச்செலியா, செனகாலியா இரண்டும் பழைய உலகிலும் அமெரிக்காவிலும் பரவியவை. மிஞ்சிய அகேசியாவோ ஆயிரத்தைத் தொடும் இனங்களைக் கொண்டது. ஏறக்குறைய எல்லாமே ஆஸ்திரேலியாவுக்கு உரியவை. அங்கிருந்து தப்பிப் போன சிலவற்றில், ஹவாய்த் தீவுகளின் கோவா மரமும், இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவில் வளரும் ஹெட்டரோஃபில்லாவும் மிக நெருங்கிய உறவினர் என்பதைப் படித்த அன்று, வேலையை விட்டுவிட்டுச் சுவரில் தொங்கிய உலகப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றேன்.

பெயர் யாருக்குப் போக வேண்டும் என்பதில்தான் சச்சரவு. தாவரப் பெயரிடல் விதிப்படி ஒவ்வொரு பேரினப் பெயரும் ஏதேனும் ஓர் இனத்தோடு முடிச்சிடப்பட்டிருக்கும். அதை வகைமாதிரி என்போம். பேரினம் உடையும்போது வகைமாதிரி எந்தப் பகுதியில் சேர்கிறதோ, பழைய பெயரும் அந்தப் பகுதிக்கே சொந்தம். பிலிப் மில்லர் 1754-இல் நிறுவிய அகேசியாவுக்கு வகைமாதிரி எகிப்தின் கோந்து மரம், அதாவது நம் ஊர்க் கருவேலம். எனவே நியாயமாகப் பார்த்தால் பெயர் கருவேலத்துக்கும் அதன் உறவினர்களுக்கும்தான் சேர வேண்டும். ஆனால் அப்படிச் செய்தால் ஆஸ்திரேலியாவின் ஏறத்தாழ ஆயிரம் இனங்களுக்கும் பெயர் மாறும் என்பதால், வகைமாதிரியையே ஓர் ஆஸ்திரேலிய இனமாக மாற்றிவிடலாம் என்று 2003-இல் ஒரு முன்மொழிவு வந்தது. 2005-இல் வியன்னாவில் கூடிய பன்னாட்டுத் தாவரவியல் மாநாட்டில் அந்த மாற்றத்தை எதிர்த்து 54.9 விழுக்காட்டினர் வாக்களித்தும், முறியடிக்க 60 விழுக்காடு தேவை என்ற விதியால் மாற்றம் நிலைத்தது. 2011-இல் மெல்போர்னிலும் அதுவே உறுதியானது. கிரேக்க மொழியில் முள்ளைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் பெயர், பெரும்பாலும் முள்ளே இல்லாத மரங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆயிரம் பெயர்களை மாற்றாமல் தவிர்த்த வசதியை நான் மறுக்கவில்லை. ஆனாலும் இந்த வழக்கில் நான் தோற்றவர் பக்கத்து ஆள் என்ற எண்ணம் எனக்கு இன்றும் உண்டு.

கருவேலத்துக்குக் கிடைத்த வச்செலியா என்ற பெயருக்கும் இந்த மண்ணோடு தொடர்புண்டு. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ராபர்ட் வைட், வாக்கர் ஆர்னாட்டுடன் சேர்ந்து 1834-இல் வெளியிட்ட தென்னிந்தியத் தாவர நூலில்தான் இந்தப் பேரினம் முதலில் அச்சேறியது. அவர்கள் அதில் வைத்தது கஸ்தூரி வேலம்; அதுவோ அமெரிக்காவிலிருந்து வந்து இங்கே பரவிய மரம். பெயருக்கு உரியவர் மக்காவ்வில் பாதிரியாராக இருந்து சீனத்துச் செடிகளைச் சேகரித்த வச்செல்.

மாற்றி அடுக்கும் வேலையைத் தொடங்கிய முதல் வாரத்திலேயே பிழை செய்தேன். எளிய விதி ஒன்றை மனத்தில் வைத்திருந்தேன்: இலையடிச் செதில்களே இரண்டிரண்டாக நேரான முட்களாக மாறியிருந்தால் வச்செலியா, தோலிலிருந்து கிளம்பிய கொக்கி முட்கள் இருந்தால் செனகாலியா, முள் இல்லாமல், இலைக்காம்பே தட்டையாகி இலைபோல் நின்றால் பெரும்பாலும் அகேசியா. இராமநாதபுரம் பக்கத்தில் சேகரித்த ஒரு தாளில் முட்கள் எல்லாமே குட்டையாக, வளைந்து இருந்தன; அதைக் கருங்காலியோடு செனகாலியா உறையில் வைத்துவிட்டேன். அது போதாதென்று, பழைய லேபிளில் இருந்த பெயரை அடித்து மேலேயே மையால் எழுதியும்விட்டேன். இரண்டு நாள் கழித்து எங்கள் மூத்த பேராசிரியர் அந்தத் தாளை லென்சுக்கு அடியில் வைத்து என்னைக் கூப்பிட்டார். “முள்ளை மட்டும் பார்த்தால் போதுமா? அது எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்க்க வேண்டாமா?” என்றார்.

பார்த்தேன். கருங்காலியில் கொக்கி முட்கள் இணையாகவே இருந்தாலும் இலை கிளம்பும் கணுவுக்குச் சற்றுக் கீழே அமைந்திருக்கும். பூக்கள் நீண்ட கதிராக வரும். என் தாளில் முட்கள் காம்பின் இரு பக்கமும், செதில் இருக்க வேண்டிய இடத்திலேயே இருந்தன. காய்ந்து உதிர்ந்த பூந்தலைகள் சிறு காகிதப் பையில் மிளகுபோல் உருண்டையாகக் கிடந்தன. குடைவேலம்! நீண்ட வெண்முள்ளும் குட்டைக் கொக்கியும் ஒரே மரத்தில் வரும் என்பதை நான் மறந்திருந்தேன். பேராசிரியர் பெயர்ப்பிழையைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. லேபிளில் மை பட்டதுதான் அவரை வருத்தியது. சேகரித்தவரின் கையெழுத்தில் உள்ள இடமும் தேதியும் யாரும் திருத்தக் கூடாதவை என்றும், நம் கருத்தைத் தனிச் சீட்டில் எழுதி, பெயரும் ஆண்டும் இட்டு, பக்கத்தில் ஒட்டுவதே முறை என்றும் சொன்னார். அந்தத் தாளில் என் மைக்கறை இன்னும் இருக்கிறது.

இந்தப் பெயர் மாற்றத்தின் விளைவு எங்கள் அறையோடு நிற்கவில்லை. சில ஆண்டுகளுக்குப் பின் ஒரு மாணவர், 1980-களில் தயாரான மாவட்டத் தாவரப் பட்டியலையும் எங்களுடைய புதிய பட்டியலையும் ஒப்பிட்டு, இயல்தாவரமான அகேசியா இனங்கள் மறைந்து நட்டு வளர்த்த அயல் இனங்கள் மட்டுமே எஞ்சியுள்ளன என்று வரைவு எழுதிக் கொண்டுவந்தார். எண்கள் சரியாகத்தான் இருந்தன. மரங்கள் எல்லாம் நின்ற இடத்திலேயே நிற்க, உறைகள் மட்டும் மாறியிருந்தன. நீலகிரிப் பகுதிப் பதிவுகளில் இன்னொரு குழப்பமும் இருந்தது: அங்கே சீகை என்றால் வாட்டில், சமவெளியில் சீகைக்காய் செனகாலியா. ஊர்ப்பெயரை நம்பி ஒருவர் இரண்டையும் ஒரே இனமாகச் சேர்த்திருந்தார். அன்றிலிருந்து எந்தப் பட்டியலைக் கொடுத்தாலும், எந்த ஆண்டு வகைப்பாட்டைப் பின்பற்றினோம் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதுகிறேன்.

ஓய்வு பெறக் காத்திருந்த நேரத்தில், 2022-இல் வன்னியும் சீமைக்கருவேலமும் சேர்ந்திருந்த புரோசோபிஸ் பேரினம் உடைந்தது. இம்முறை விதி விதியாகவே நின்றது. வகைமாதிரி நம் வன்னி என்பதால், வன்னி உள்ளிட்ட மூன்று பழைய உலக இனங்கள் பெயரைத் தக்கவைத்துக்கொள்ள, அமெரிக்காவிலிருந்து வந்த சீமைக்கருவேலம் நெல்ட்டூமா ஆனது. செனகாலியாவைப் போலவே நெல்ட்டூமாவும் தாவரவியலாளர் ராஃபினெஸ்க் 1838-இல் வைத்த பெயர். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் பெரும்பாலோர் அதைச் சீந்தவில்லை. சீமைக்கருவேலத் தாள்கள் எங்களிடம் மிக அதிகம். எந்த மாணவர் எந்தக் கண்மாய்க்குப் போனாலும் ஒரு கொத்து கொண்டுவருவார். அவற்றை நீக்கிய பின் வன்னி உறையில் ஏழு தாள்களே மிஞ்சின. உறைக்குள் ‘சீமைக்கருவேலத்துக்கு நெல்ட்டூமா காண்க’ என்று ஒரு அட்டை வைத்துவிட்டு, புதிய உறைகளுக்கு இன்னொரு தட்டு வேண்டும் என்று விண்ணப்பம் எழுதினேன்.