41 முதல் 44 வரை: கார் து நோரின் அடித்தளத்தில்

பரிஸ் நகரின் கார் து நோர் நிலையத்தை வெளியிலிருந்து பார்ப்பவர்கள், இத்தோர்ஃப் என்ற கட்டடக் கலைஞர் 1860களில் எழுப்பிய கல் முகப்பையும் அதன்மேல் நிற்கும் 23 சிலைகளையுமே நிலையம் என்று எண்ணுவார்கள். இலண்டனுக்கும் பிரசெல்சுக்கும் போகும் வண்டிகள் அந்த முகப்புக்குப் பின்னால் உயர்ந்த கூரையின் கீழ் நிற்கின்றன. ஆனால் நாள்தோறும் இந்நிலையத்தை மிதிக்கும் பல இலட்சம் பேரில் மிகப் பலர் அச்சிலைகளை ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. அவர்கள் வந்துபோவது நிலத்தின் கீழே, 41 முதல் 44 வரை எண்ணிடப்பட்ட நான்கு தண்டவாளங்களில். ஆர்.இ.ஆர். எனப்படும் புறநகர் விரைவுத் தொடருந்துகளின் பி, டி என்ற இரு வழித்தடங்களும் அங்கேதான் சந்திக்கின்றன. அந்த நடைமேடைகளில் நின்று பயணிகளுக்கு வழிகாட்டுவதும், நெரிசல் நேரத்தில் கதவுகளருகே கூட்டத்தை ஒழுங்குபடுத்துவதும் பல ஆண்டுகளாக என் வேலை.

மேலே உள்ள முனையத்தில் வழி தவறுவது கடினம். தண்டவாளங்கள் யாவும் அங்கே வந்து முடிந்துவிடுகின்றன. நிற்கும் வண்டி எதுவானாலும் வடக்கு நோக்கியே புறப்படும். வண்டியின் முகமும் நீளமும் அறிவிப்புப் பலகையும் ஒரே பார்வையில் அகப்படும். கீழே ஓடுபவையோ நகரை ஊடறுத்துச் செல்பவை. வடக்கே போவதும் தெற்கே போவதும் ஒரே கூரையின் கீழ் நிற்கும். ஒரு நடைமேடையின் இந்தப் பக்கம் பி வந்தால் அந்தப் பக்கம் டி வரும். நகரும் படிகளில் இரண்டு முறை திரும்பி இறங்கியவருக்குத் தாம் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறோம் என்பதே தெரியாது. வானமும் தெருவும் கண்ணுக்குத் தென்படாத இடத்தில் மனிதர் இவ்வளவு விரைவாகத் திசையை இழந்துவிடுவார்கள் என்பதை இந்த வேலைக்கு வருமுன் நான் நினைத்துப் பார்த்ததில்லை. இழந்த அந்தத் திசையைச் சில விநாடிகளுக்குள் அவர்களிடம் திருப்பிக் கொடுப்பதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம். எத்தனையோ மொழிகளில் எத்தனையோ விதமாக என்னிடம் கேட்கிறார்கள். எல்லாவற்றுக்கும் உள்ளே இருக்கும் கேள்வி, இதில் ஏறலாமா என்பதே.

அதற்கு விடை சொல்வது பார்ப்பதற்கு எளிதாகத் தோன்றும். வடக்கே போகும் பி வண்டிகள் ஓல்னே-சூ-புவா நிலையத்துக்கு அப்பால் இரு கிளைகளாகப் பிரிகின்றன. ஒரு கிளை சார்ல் து கோல் விமான நிலையத்துக்கும் மற்றையது மித்ரி-கிளேக்கும் போகிறது. வண்டிகள் ஒரே வகை, ஒரே தோற்றம். ஒவ்வொன்றுக்கும் நான்கெழுத்துக் குறியீடு ஒன்று உண்டு. அதன் முதலெழுத்தைப் பார்த்த மாத்திரத்திலேயே அது எங்கே போகிறது என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். பயணிக்கோ அது பொருளற்ற ஒரு பெயர். பெரிய பெட்டிகளோடு விமானத்தைப் பிடிக்கப் போகும் குடும்பம் மித்ரி வண்டியில் ஏறிவிட்டால், ஓல்னேயில் இறங்கி மாற வேண்டும் என்று யாராவது சொல்லும்வரை அவர்களுக்குத் தவறே தெரியாது. இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. விமான நிலையத்துக்குப் போகும் சில வண்டிகள் கார் து நோரை விட்டால் இடையில் எங்கும் நிற்பதில்லை. அருகிலுள்ள லா கூர்னேவுக்குப் போக வேண்டியவர் அதில் ஏறினால் விமான நிலையம்வரை போய்த்தான் திரும்ப வேண்டும்.

“தம்பி, இது லா கூர்னேவில நிக்குமோ?” என்று மரக்கறிப் பைகளோடு வரும் அம்மாமார் என்னிடம் கேட்பது வழக்கம். “ஏறாதேங்கோ அம்மா. இது நேரா விமான நிலையத்துக்குப் போகுது, அடுத்ததில ஏறுங்கோ” என்பேன். இந்தச் சொல் வரிசை தற்செயலானதன்று. காரணத்தை முதலில் சொல்லத் தொடங்கினால், வாக்கியம் முடியுமுன் அவர் ஏறியிருப்பார், கதவும் மூடியிருக்கும். எனவே எந்த மொழியிலும் முதலில் ஏறுங்கள் அல்லது ஏறாதீர்கள். அதன் பிறகுதான் விளக்கம். கையைக் காட்டுவதானால் விரலை நீட்டாமல் முழுக் கையையும் நீட்ட வேண்டும். கூட்டத்தில் விரல் யாருக்கும் தெரியாது.

இடம் ஏன் இவ்வளவு சிக்கலானது என்பதற்கு அதன் வரலாற்றில் பாதி விடை இருக்கிறது. நகர மையத்திலுள்ள சாத்தலே நிலையத்திலிருந்து கார் து நோர் வரையிலான சுரங்கம் 1981 டிசெம்பரில் திறக்கப்பட்டது. வடக்கையும் தெற்கையும் இணைத்து வண்டிகள் ஊடாக ஓடத் தொடங்கியது 1983-இல். தெற்கே பரிஸ் நகரப் போக்குவரத்து நிறுவனத்தின் தடம். வடக்கே தேசியத் தொடருந்து நிறுவனத்தின் தடம். தெற்கே 1,500 வோல்ற் நேரோட்ட மின். வடக்கே 25,000 வோல்ற் ஆடலோட்ட மின். இரண்டிலும் ஓடக்கூடிய வண்டிகளைக் கட்டினார்கள். ஆனால் ஓட்டுநர் விடயத்தில் இரு நிறுவனங்களும் அவ்வளவு எளிதாக இணங்கவில்லை. ஒரு நிறுவனத்தின் ஓட்டுநர் கார் து நோரில் இறங்க, மற்ற நிறுவனத்தின் ஓட்டுநர் ஏறிக்கொள்ளும் வழக்கம் 2009 வரை நீடித்தது. மாற வேண்டியவர் இன்னொரு தாமதத்தில் மாட்டிக்கொண்டால், பயணிகள் நிறைந்த வண்டி ஓட்டுநரில்லாமல் காத்து நிற்கும் என்று மூத்த ஊழியர்கள் இன்றும் சொல்வதுண்டு. மின்சாரம் கண்டுபிடித்த தீர்வை நிர்வாகம் கண்டுபிடிக்க ஏறத்தாழக் கால் நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

1987-இல் டி வழித்தடமும் இதே சுரங்கத்துக்குள் வந்தது. நிலையத்தில் நான்கு தண்டவாளங்கள். சாத்தலே வரை போகும் சுரங்கத்தில் இரண்டே. நெரிசல் நேரத்தில் ஒரு திசையில் மணிக்கு 32 வண்டிகள் என்பது திட்டம், அதாவது ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் இரண்டு நிமிடங்கூட இல்லை. இந்தக் கணக்கை மனதில் வைத்துப் பார்த்தால்தான், மூடும் கதவில் தன் தோள்பையை நுழைக்கும் இளைஞரைக் கண்டு நாங்கள் ஏன் பதறுகிறோம் என்பது விளங்கும். அவர் எடுத்துக்கொள்ளும் இருபது விநாடிகளைப் பின்னால் சுரங்கத்துக்குள் காத்திருக்கும் வண்டி கொடுக்கிறது. அது வேறு வழித்தடத்து வண்டியாகவே பெரும்பாலும் இருக்கும். டி தடத்தில் ஓடுபவை ஈரடுக்கு வண்டிகள். இருக்கைகள் அதிகம், கதவுகள் குறைவு. மேலடுக்கிலிருந்து படியிறங்கி வருபவர் வாசலை அடைவதற்குள், ஏற வந்தவர்கள் பொறுமையிழந்து உள்ளே தள்ளத் தொடங்குவார்கள். அவர்களை இரு பக்கமும் ஒதுக்கி, நடுவே இறங்குபவர்களுக்கு வழிவிடச் செய்வதில்தான் என் காலை நேரத்தின் பெரும்பகுதி கழிகிறது. குரலை உயர்த்தினால் பயனில்லை என்பது என் எண்ணம். கதவின் ஓரத்தில் போய் நானே ஒதுங்கி நின்றால், பின்னால் நிற்பவர்களும் அறியாமலே என்னைப்போல் ஒதுங்கிவிடுகிறார்கள்.

குழப்பம் வரும் நாள்கள் வேறு. யாரோ ஒரு பையை விட்டுச் சென்றிருப்பார். பயணி ஒருவர் மயங்கி விழுந்திருப்பார். அபாயச் சங்கிலி இழுக்கப்பட்டிருக்கும். கைவிடப்பட்ட பை என்றால் நடைமேடையைச் சுற்றி நாடா கட்டி மக்களை வெளியேற்ற வேண்டும். மோப்ப நாயோடு வரும் குழு பையைச் சோதித்துச் சரியென்று சொன்னால் எல்லாம் விரைவில் முடிந்துவிடும், இல்லையேல் வெடிகுண்டு செயலிழக்கச் செய்பவர்களுக்காகக் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் படிகளில் இறங்கி வரும் கூட்டம் நிற்பதில்லை. கீழே இடமில்லை என்பது மேலே இருப்பவருக்குத் தெரியாததால், நடைமேடை நிரம்புமுன்பே படிகளின் தலைப்பில் அவர்களைத் தடுத்து நிறுத்த வேண்டும். வேலையில் எனக்குக் கடினமானது இதுதான். தடுத்து நிறுத்தப்படும் மனிதர் கேட்பது எவ்வளவு நேரம் என்பதை; எனக்குப் பெரும்பாலும் தெரிந்திருப்பது வேறு எந்த வழியால் போகலாம் என்பதை மட்டுமே. மெத்ரோவின் 4ஆம், 5ஆம் தடங்கள் அருகிலேயே இருக்கின்றன. நீண்ட நடைவழியொன்று 2ஆம் தடத்தின் லா சப்பல் நிலையத்துக்குப் போகிறது. கேள்விக்கு நேரான பதிலில்லாவிட்டாலும் மாற்றுவழியொன்றைச் சொல்லிவிட்டால் பாதிப்பேருடைய கோபம் அடங்கிவிடும். மற்றப் பாதியின் கோபத்தை வாங்கிக்கொள்வதும் வேலையில் சேர்த்திதான்.

இதே முனையத்தை ஒட்டி, இன்னும் ஆழத்தில் மஜென்தா நிலையம் இருக்கிறது. ஆர்.இ.ஆர். இ வழித்தடத்துக்காக 1999 ஜூலையில் திறக்கப்பட்டது; தெருமட்டத்திலிருந்து சுமார் 30 மீற்றர் கீழே. நிலத்தடியில் இருக்கிறோம் என்ற எண்ணம் வராதபடி உயர்ந்த கூடங்களும் அகன்ற நடைவழிகளுமாகக் கட்டினார்கள். அழகில் எங்கள் பழைய நடைமேடைகளை அதனோடு ஒப்பிடவே முடியாது. ஆயினும் அங்கே பணிக்கு அனுப்பப்படும் நாள்களில் வழி கேட்பவர்கள் கூடுதல் என்பதே என் அனுபவம். எல்லாக் கூடங்களும் ஒன்றுபோலவே பெரிதாக இருந்தால் எது எந்தப் பக்கம் என்று மனதில் பதிவதில்லை. ஏறத்தாழ 25 ஆண்டுகள் மஜென்தாவிலிருந்து மேற்கே ஒரே ஒரு நிறுத்தந்தான் இருந்தது. அதனால் தவறான திசையில் ஏறுவதும் பெரிய விடயமாக இருக்கவில்லை. 2024 மே மாதத்தில் தடம் மேற்குப் புறநகரான நாந்தேர் வரை நீண்டது. இப்போது கிழக்குப் புறநகரான பொண்டியிலுள்ள வீட்டுக்குப் போக வேண்டியவர் மறுபக்கத்தில் ஏறிவிட்டால், நகரின் அடுத்த விளிம்புவரை போய்விடலாம். எங்கள் பழைய கேள்வி அங்கேயும் போய்ச் சேர்ந்துவிட்டது.

தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் கடைத்தெரு சில நிமிட நடையில் இருப்பதால், தமிழ் பேசும் ஊழியர் ஒருவர் கீழே நிற்பது பலருக்குப் பயன்படுகிறது. கார்ஜ்-சார்செல், வில்லியே-லெ-பெல் என்று நம்மவர்கள் குடியிருக்கும் ஊர்களுக்கு டி வண்டி போகிறது. ஆண்டுதோறும் ஓகஸ்ட் முடிவிலோ செப்டெம்பர் தொடக்கத்திலோ ஒரு ஞாயிறன்று மாணிக்க விநாயகர் ஆலயத் தேர் லா சப்பல் வீதிகளில் வலம் வரும். அன்று காலை முழுவதும் வடக்கிலிருந்து வரும் வண்டிகளில் பட்டுச் சேலைகளும் வேட்டிகளும் குழந்தை வண்டிகளுமாக இறங்கும். அலுவலக நாளின் கூட்டம் பிரிந்து பிரிந்து போகும். இந்தக் கூட்டமோ சேர்ந்தே நடக்கும், படியின் நடுவில் நின்று பின்னால் வரும் உறவினரைத் தேடும், கண்ட இடத்தில் நலம் விசாரிக்கும். பிரெஞ்சுச் சகாக்கள் இதைக் கண்டு திகைப்பார்கள். “மேல போய்க் கதையுங்கோ ஐயா, பின்னால சனம் வருது” என்று நான் சொன்னால் சிரித்துக்கொண்டே நகர்வார்கள். அதே சொல்லை ஒலிபெருக்கியில் பிரெஞ்சில் சொல்லியிருந்தால் ஒருவர்கூட அசைந்திருக்க மாட்டார்.

உடல் படும் பாட்டையும் சொல்ல வேண்டும். பிரேக் கட்டைகளும் சக்கரங்களும் தண்டவாளங்களும் உராய்ந்து எழும் நுண்துகள் நிலத்தடி நிலையங்களின் காற்றில் வெளியைவிட அதிகம். மாலையில் கழுத்துப் பட்டியைத் துடைத்தால் துணி கறுக்கும். குளிர்காலத்தில் விடியுமுன் இறங்கி இருட்டிய பின் ஏறும் பணிமுறைகளும் வரும். இளையவர்கள் இதைத் தாங்கிக்கொள்வார்கள் என்று முறைப் பட்டியல் போடுபவர்கள் நம்புகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

இப்போது எல்லோர் கையிலும் கைபேசி. சாதாரண நாளில் அது எங்கள் வேலையைக் குறைத்திருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் குழப்பம் தொடங்கிய முதல் சில நிமிடங்களில் கைபேசி ஒன்றைச் சொல்லும், பலகை இன்னொன்றைச் சொல்லும், வந்து நிற்கும் வண்டி மூன்றாவதாக இருக்கும். அந்த நிமிடங்களில் மக்கள் திரையை விட்டுவிட்டு மனித முகத்தைத் தேடுகிறார்கள். ஆகவே புதிதாகச் சேர்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது நிற்க வேண்டிய இடத்தை. படிகளின் அடியில் நின்றால் கேள்வி கேட்க நிற்பவரே பின்னால் வருபவர்களுக்கு வழியை அடைத்துவிடுவார். பத்தடி தள்ளி, இறங்குபவர்களின் முகத்தைப் பார்த்தபடி நின்றால், பெட்டியின் அளவையும் கண்கள் அலையும் விதத்தையும் கொண்டு, அவர் வாயைத் திறக்குமுன்பே சரியான பக்கத்துக்குக் கையைக் காட்டிவிடலாம்.