ஒரு பாடத்துக்கு 75 விடியல்

ஜனவரி 11, 2025, சனி

பின்னேரம் விறாந்தையில் மூன்று பிள்ளைகளுக்கும் ஐந்தொகை (சொத்தையும் கடனையும் காட்டும் கணக்கு) சொல்லிக் கொடுத்தேன். ஒருத்தி கொப்பியை மூடிக்கொண்டே கேட்டாள்: "அக்கா, நீங்களே எங்கட பள்ளிக்கூடத்துக்கு வந்து படிப்பிக்கலாம்தானே?" பட்டம் இல்லை என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கீட்டுக்கு ஆசிரியர் இல்லாமல் இது இரண்டாவது வருடம். இந்தப் பிள்ளைகள் கிளிநொச்சி ரவுணுக்குச் சைக்கிள் மிதித்து ரியூசனுக்குப் போய் வருகிறார்கள். முடியாத நாட்களில் என்னிடம் வருகிறார்கள்.

கணக்கியலில் உயர் டிப்ளோமா முடித்து ஐந்து வருடமாகிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஏன் முதற்படியிலிருந்து தொடங்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி. படித்த பாடங்களைத் திரும்பப் படிக்கத் தேவையில்லை என்று விலக்களிப்பு வாங்கிக்கொண்டு பட்டப்படிப்புக்கு மாற வேண்டும். அதுவும் வேலையை விடாமல், அம்மாவையும் மகனையும் விட்டுப் போகாமல்.

ஜனவரி 19, ஞாயிறு

எங்கெங்கே முடியும் என்று பார்த்தேன். வவுனியா பல்கலைக்கழகம்தான் கிட்ட. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்து 2021 ஆகஸ்ட் 1இல் தனிப் பல்கலைக்கழகமானது. ஆனால் பம்பைமடுவில் உள்வாரியாகப் படிப்பதென்றால் கிழமை நாட்களில் வகுப்பில் இருக்க வேண்டும். எனக்கு அது சரிவராது. யாழ்ப்பாணத்தில் வெளிவாரிப் பட்டம் இருக்கிறது, சனி ஞாயிறு வகுப்போடு. ஆனால் அறுவடைக் காலத்தில் நான் வேலை செய்யும் நெல் மில்லில் எனக்குச் சனிக்கிழமை லீவு கிடைக்காது. என் கணவர் லொறியோடு தம்புள்ளைக்குப் போகும் நாட்களில் அம்மாவையும் மகனையும் பார்க்க நான் மட்டும்தான்.

மிஞ்சுவது இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம். 1980இல் கொழும்புக்கு அருகே நாவலயில் தொடங்கியது, வேலையில் இருப்பவர்களை மனதில் வைத்தே. அச்சடித்த பாடநூலைத் தருவார்கள், வீட்டிலிருந்து படிக்கலாம். முகாமைத்துவக் கற்கை சிறப்புப் பட்டம் 120 கிரெடிட். இதுதான் என்று முடிவெடுத்துவிட்டேன்.

ஜனவரி 25, சனி

ரங்குப் பெட்டியைத் திறந்து சான்றிதழ்களை எடுத்தேன். பிறப்புச் சான்றிதழின் வலது மூலையில் மண்ணிறக் கறை, உள்ளங்கை அளவில். 2009இல் எனக்கு 13 வயது. முள்ளிவாய்க்காலில் நீரேரியைக் கடந்தபோது அம்மா எல்லா ஆவணங்களையும் இரண்டு பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டியிருந்தார். உடுப்பு மூட்டையைக் கைவிட்டார், இதை விடவில்லை. தண்ணீர் எங்கேயோ ஒரு மூலையால் புகுந்துவிட்டது. எழுத்து ஒன்றும் அழியவில்லை.

போட்டோக்கொப்பி எடுத்துத் தந்த தம்பி கறை விழாமல் எடுக்கப் பார்க்கிறேன் என்று இயந்திரத்தோடு மினக்கெட்டான். இருக்கட்டும் என்றேன்.

பெப்ரவரி 8, சனி

காலபோக (மாரிக்கால நெல்) வெட்டு உச்சத்தில் நிற்கிறது. இந்த வாரம்தான் அரசு நெல் விலையை அறிவித்தது: கிலோவுக்கு நாடு நெல் 120, சம்பா 125, கீரிச்சம்பா 132 ரூபாய். உரம், வெட்டு மெசின் கூலி எல்லாம் கழித்தால் என்ன மிஞ்சும் என்று கேட்டுக்கொண்டேதான் ஒவ்வொருவரும் தராசில் மூட்டையை ஏற்றுகிறார்கள். இரவு ஒன்பது மணிவரை பற்றுச்சீட்டு எழுதினேன். ஈரப்பதம் 14 வீதத்துக்கு மேலே காட்டினால் நெல்லைத் திரும்பக் காயவிடச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லும்போது என்னால் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டு, டிப்ளோமா படித்த இடத்துக்குப் பெறுபேற்று அறிக்கை வாங்கப் போனேன். அது கிடைத்தது. ஆனால் விலக்களிப்புக்கு ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டமும் வேண்டும், எத்தனை மணித்தியாலம், என்னென்ன தலைப்பு என்று. எங்கள் தொகுதி படித்தது பழைய பாடத்திட்டமாம், தேடி வைக்கிறோம், இரண்டு கிழமை கழித்து வாருங்கள் என்றார்கள். எனக்கு இரண்டு கிழமை கழித்து இன்னொரு அரை நாள் கிடைக்காது. ஐந்து வருடத்துக்கு முந்தியதைக் கூட எடுத்துத் தர முடியாதா என்று கோபம் வந்தது. அதை அங்கே காட்டாமல் வந்துவிட்டேன்.

பெப்ரவரி 11, செவ்வாய்

மன்னாரில் இருக்கும் வகுப்புத் தோழி பாடத்திட்டம் உள்ள பழைய கைநூலை வைத்திருந்தாள். அரிசிப் பெட்டிக்கு அடியில் விரித்திருந்தாளாம். 42 பக்கத்தையும் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டாள். அவளுக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்? இனி யாரும் டிப்ளோமா முடித்தால் கைநூலை எறியாதீர்கள். சான்றிதழோடு சேர்த்து வையுங்கள்.

பெப்ரவரி 23, ஞாயிறு

நேற்று திறந்த பல்கலைக்கழகத்தின் வவுனியாக் கற்கை நிலையத்துக்குப் போனேன். ஏ9 வீதியில் ஏறத்தாழ 80 கிலோமீற்றர். மாங்குளம் தாண்டும்வரை நின்றுகொண்டுதான். கனகராயன்குளத்தில் கதிரை கிடைத்தது.

அங்கே இருந்த அக்கா கோப்பைப் புரட்டிக்கொண்டே, "எந்தெந்த நாளில உங்களால வரவே ஏலாது?" என்று கேட்டார். இத்தனை நாளும் எனக்கு எப்போது நேரம் இருக்கிறது என்றுதான் நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. நாள் வகுப்புக்கு (நிலையத்தில் நடக்கும் நேரடி வகுப்பு) வராவிட்டாலும் பெரும்பாலும் சமாளிக்கலாம். பரீட்சைத் தேதி நமக்காக நகராது. இடையில் வரும் மதிப்பீட்டுப் பரீட்சைகளில் போதிய புள்ளி இல்லாவிட்டால் இறுதிப் பரீட்சைக்கே இருக்க விடமாட்டார்கள். நேரம் நெகிழும் என்று நம்பி வருபவர்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான் என்றார்.

அப்புறம் இன்னொன்றும் சொன்னார். ஒரு கிரெடிட் என்றால் 50 மணித்தியாலப் படிப்பு. வாசிப்பது, எழுதுவது, வகுப்பு, பரீட்சை எல்லாம் அதற்குள் அடக்கம்.

பஸ்ஸில் வரும்போது டிக்கெட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். எனக்கென்று இருப்பது விடியற்காலை 3:30 முதல் 5:30 வரை. 3 கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 150 மணித்தியாலம். அதாவது 75 விடியல். 120 கிரெடிட்டுக்கு 3000 விடியல், எட்டு வருடத்துக்கு மேல். நெஞ்சு பதறியது. ஞாயிற்றுக்கிழமை ஆறு மணித்தியாலம் சேர்த்தால் கிழமைக்கு 18 வரும். அப்படிப் பார்த்தால் ஆறு வருடமும் கொஞ்சமும். ஒரு பாடத்துக்கு விலக்களிப்புக் கிடைப்பது 75 நாள் விடியலைத் திருப்பித் தருவது போல.

மார்ச் 16, ஞாயிறு

விண்ணப்பம் போய்விட்டது. எட்டுப் பாடங்களுக்கு விலக்களிப்புக் கேட்டிருக்கிறேன்.

பதிலுக்குக் காத்திருக்காமல் விடியலைப் பழக்கிப் பார்க்கிறேன். 20 நாளில் 14 நாள் எழும்பினேன். மூன்று நாள் மகனுக்குக் காய்ச்சல், மூன்று நாள் அலாரத்தை நிற்பாட்டிவிட்டுப் படுத்துவிட்டேன். இந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் வருடத்தைத் திட்டமிட வேண்டும்.

படிப்பு ஆங்கிலத்தில். டிப்ளோமாவும் ஆங்கிலம்தான், ஆனால் ஐந்து வருட இடைவெளி பெரிது. ஒரு பொருளியல் பந்தியை நான்கு தரம் வாசித்தும் பிடிபடவில்லை. ஐந்தாம் தரம் வாசிக்கும்போதுதான் உறைத்தது, இது உயர்தரத்தில் படித்த அமையச்செலவு. ஒன்றைத் தெரிவு செய்வதால் கைவிடுகிற மற்றதன் பெறுமதி. பென்சிலால் பக்கத்தில் தமிழ்ச் சொல்லை எழுதினேன், பந்தி முழுவதும் திறந்துகொண்டது. இனி ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் தமிழ்ச் சொற்களை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டுதான் வாசிப்பேன். விறாந்தைப் பிள்ளைகளுக்கும் அது உதவும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

சிறுபோகத்துக்கு (கோடைக்கால நெல்) இரணைமடுக் குளத்தில் இருக்கும் தண்ணீருக்கு ஏற்றபடிதான் காணி பங்கிடுவார்கள். எங்கள் பங்குக்கு முக்கால் ஏக்கர். வயல் வேலை குறைவு, எனக்குப் படிக்க நல்ல காலம். அம்மாவுக்கு அது கவலை. இரண்டும் ஒரே வீட்டில்.

மே 18, ஞாயிறு

முள்ளிவாய்க்கால் நினைவுக் கஞ்சி காய்ச்சினோம். அம்மா ஒன்றும் பேசவில்லை. புத்தகம் திறக்கவில்லை.

ஜூன் 14, சனி

பதில் வந்துவிட்டது. எடுத்துக்கொண்டார்கள். எட்டில் ஐந்து பாடத்துக்கு விலக்களிப்பு. 15 கிரெடிட், 375 விடியல்.

மற்ற மூன்றில் ஒன்று கிரயக் கணக்கீடு. ஒரு மூட்டை நெல் அரிசியாகி வெளியே போகும்வரை என்ன செலவு என்று தினமும் மில்லில் நான் போடுவது அதே கணக்குத்தான். தலைப்புகள் போதிய அளவு பொருந்தவில்லையாம். அழுகை வந்தது, மறைக்கவில்லை. முறையிடலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டேன். அந்தப் பாடத்தை ஒழுங்காகப் படித்தால் பிள்ளைகளுக்கு இன்னும் நன்றாகச் சொல்லிக் கொடுக்கலாம். மற்ற இரண்டும் நான் உண்மையிலேயே மறந்தவை.

மிச்சம் 105 கிரெடிட்டுக்குக் கிழமைக்கு 18 மணித்தியாலம் என்றால் ஏறத்தாழ ஐந்து வருடம் ஏழு மாதம் என்று வருகிறது. அப்போது எனக்கு 35, மகன் பத்தைத் தாண்டியிருப்பான்.

ஜூன் 21, சனி

முதலாளியிடம் பேசினேன். பரீட்சை நாட்களைத் தெரிந்தவுடனே எழுத்தில் கொடுப்பேன், அந்த நாட்களில் அறுவடை என்றாலும் லீவு வேண்டும். பதிலுக்கு மற்ற அறுவடை ஞாயிறுகளில் அரை நாள் வருகிறேன். கொஞ்ச நேரம் பற்றுச்சீட்டுக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "எழுதித் தா, பிள்ளை" என்றார். அன்றைக்கே எழுதிக் கையொப்பம் வாங்கிவிட்டேன். வாய்ச்சொல் பெப்ரவரிவரை தாங்காது.

ஜூலை 5, சனி

பாடநூல்கள் வீட்டுக்கு வந்துவிட்டன. மகன் தன் முதலாம் வகுப்புக் கொப்பிகளுக்குப் போட்டது போல எல்லாவற்றுக்கும் உறை போட வேண்டும் என்று நின்றான். இவர் வெட்ட, அம்மா மடிக்க, அவன் ஒட்டினான். கடைசிப் புத்தகத்துக்குப் பிரவுன் பேப்பர் போதவில்லை. பழைய கலண்டர்த் தாளைத் திருப்பிப் போட்டோம்.