பிச்சாவரத்தில் வாய்க்காலுக்கு அப்புறம்தான் விதை

அலையாத்திக் காடு வளர்க்கிறேன் என்று வண்டி நிறைய சுரபுன்னை விதையோடு வருகிறவர்கள், அந்த இடத்தில் உப்பு மண்ணில் வளரும் உமரிச் செடி மட்டும் ஏன் படர்ந்து கிடக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். பிச்சாவரத்தில் வெள்ளைக்காரர் காலம் தொட்டு 1970-கள் வரை கூறு கூறாகக் காட்டை மொட்டையடித்தார்கள். நிழல் போன சேறு வெயிலில் காய்ந்து, அமிழ்ந்து, தட்டாகக் குழிந்தது. கடல் ஏற்றத்தில் உள்ளே வந்த தண்ணீர் வற்றத்தில் வெளியேற வழியில்லாமல் தேங்கி ஆவியாக, உப்பு ஏறிக்கொண்டே போனது. அந்த மண்ணில் எத்தனை தடவை நட்டாலும் பட்டுத்தான் போகும்.

1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்க்காரர்களோடு சேர்ந்து செய்தது மீன்முள் வாய்க்கால். ஓடையிலிருந்து ஒரு தாய் வாய்க்கால், அதன் இருபுறமும் சாய்வாகக் கிளைகள். கிளையை நேர்குறுக்காக வெட்டினால் வாயிலேயே வண்டல் அடைக்கும். கரை மேலே அகன்று, அடியில் ஒடுங்கிச் சரிவாக இருக்கட்டும்; செங்குத்தாக வெட்டினால் சரிந்துவிடும். அடிமட்டம் ஓடைப் பக்கம் தாழ்ந்தே போக வேண்டும். வெட்டிய சேற்றை ஒரே வரப்பாகப் போடுவதுதான் அடிக்கடி நடக்கிற தப்பு. ஏற்றத் தண்ணீர் அதைத் தாண்டிப் பரவாது. இடைவெளி விட்டுக் குவியுங்கள்.

உப்பு கழுவப்பட்ட பிறகு, கரைச் சரிவின் நடுவில் வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தை நடுங்கள். அந்த நடுமட்டத்துக்குக் கீழே நட்டால் மூழ்கி அழுகும், மேலே நட்டால் உப்பில் கருகும். உப்பைத் தாங்குவதில் வெண்கண்டலே கெட்டி. சுரபுன்னைக்கு ஓடையோரம் போதும். சுரபுன்னை மரத்தை லேசாக ஆட்டினால் விழுகிற முருங்கைக்காய் போன்ற விதைதான் முற்றியது. பூச்சி துளைத்ததைக் கழித்துவிட்டு, கூர்நுனி கீழாக மூன்றில் ஒரு பங்கு சேற்றில் செருகினால் போதும். ஆழமாக அழுத்த வேண்டாம்.

இந்தக் காடு இருளர்களுக்குச் சோறு. கழுத்தளவு தண்ணீரில் பறிக் கூடையோடு இறங்கி, கையால் தடவி இறால் பிடிப்பவர்கள் அவர்கள். வாய்க்கால் ஓரம் தழைத்தால் இறால் குஞ்சும் நண்டும் ஒதுங்கும். வாய்க்கால் வெட்டும் வேலையைக் கோடையில் வைத்து அவர்களுக்கே கூலி கொடுப்பதுதான் நியாயம். தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கும் என்பது அளவுக்கருவி வருவதற்கு முன்பே அவர்களுக்குத் தெரியும்.

திட்டச் செலவில் பெரும்பாலும் விட்டுப்போவது தூர்வாரும் கூலி. நட்ட முதல் சில ஆண்டுகள் மழைக்காலம் முடிந்ததும் வண்டலை எடுக்காவிட்டால் குழிந்த நிலம் மறுபடி உப்புக் குட்டையாகும். மாடுகளுக்கு வெண்கண்டல் தழை என்றால் உயிர். மேய்ச்சலைத் தடுக்க ஊர்க்கூட்டத்தில் முடிவெடுக்காமல் முள்வேலியை மட்டும் நம்பிப் பயனில்லை. கடல் தண்ணீர் உள்ளே வரும் சின்னவாய்க்கால் என்ற இடத்து முகத்துவாரத்தையும் கவனியுங்கள். அங்கே மணல் மேவினால் உள்ளே வெட்டிய எந்த வாய்க்காலிலும் தண்ணீர் ஏறாது.