கஞ்சியிலேயே காலம் தள்ள வேண்டாம்: ஸ்லீவ் அறுவைக்குப் பிந்தைய சாப்பாடு

எடை குறைக்க இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் அறுவை முடிந்து வீடு திரும்பியவருக்கு எல்லோரும் நீட்டுவது கஞ்சி. அரிசிக் கஞ்சி, கேழ்வரகுக் கூழ், ரசம் விட்டுக் குழைத்த சாதம் எல்லாமே வயிற்றுக்கு இதம்தான். ஆனால் ஏறத்தாழ முக்கால் பங்கை வெட்டியெடுத்த இரைப்பை இனி 100 முதல் 150 மில்லிதான் கொள்ளும். அதில் கஞ்சி உட்கார்ந்துகொண்டால் புரதம் எங்கே போகும்? நாளுக்கு 60 கிராமாவது புரதம் சேராவிட்டால் கொழுப்போடு தசையும் கரையும், சோர்வு படுத்தும்.

முதல் ஓரிரு நாள் தெளிந்த நீராகாரம், இரண்டு வாரம் வரை திரவம், மூன்றாம் நான்காம் வாரம் மசித்தது, அடுத்து மென்மையானது, ஆறு வாரத்துக்குப் பின் வழக்கமான சாப்பாடு என்பது பொதுவான வரிசை. மருத்துவமனைக்கு மருத்துவமனை நாள் கணக்கு கொஞ்சம் மாறும். தையல் ஆறுவதற்கான அவகாசம் இது. பசிக்கிறது, நன்றாக இருக்கிறேன் என்று முந்தக் கூடாது.

திரவ நாட்களில் தண்ணீர் குடிப்பதே பெரிய வேலை. கால் மணிக்கு ஒருமுறை 30 மில்லி என உறிஞ்சினால், விழித்திருக்கும் 13 மணி நேரத்தில் ஒன்றரை லிட்டர் தாண்டிவிடும். ஸ்ட்ராவும் சோடாவும் வேண்டாம், காற்று ஏறும். புரதப் பொடியை வெதுவெதுப்பான பாலில் கலக்குங்கள். கொதிக்கும் பாலில் போட்டால் கட்டி தட்டும். பால் குடித்ததும் வயிறு உப்பி பேதியானால், லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை குறைந்த வே ஐசோலேட் (whey isolate) புரதப் பொடியைத் தண்ணீரில் கலக்கலாம்.

மென்மையான உணவுக் கட்டத்தில் எனக்கு ஒத்துவந்த ஒரு நாள் புரதக் கணக்கு: காலையில் முட்டை ஒன்று, 6 கிராம். பதினோரு மணிக்கு 200 மில்லி பாலில் ஒரு கரண்டி பொடி, 26. மதியம் முள் நீக்கிய குழம்பு மீன் 50 கிராம், 10. நாலு மணிக்கு கெட்டித் தயிர் 100 கிராம், 4. ஏழு மணிக்கு 30 கிராம் பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்தது, 7. படுக்கப்போகுமுன் உதிர்த்த பன்னீர் 50 கிராம், 9. கூட்டினால் 62. ஒரு இட்லியில் இருப்பது 2 கிராம்தான். வேண்டுமானால் பாதி இட்லி, அதுவும் புரதத்தை முடித்த பிறகு.

முட்டையை வறட்டுப் பொரியலாகச் செய்தால் தொண்டைக்குக் கீழே நின்றுவிடும். இரண்டு ஸ்பூன் பால் விட்டு அடித்து, சிறு தீயில் கிளறி, ஈரம் பளபளக்கும்போதே அடுப்பை அணைத்துவிடுங்கள். கோழி நெஞ்சுக்கறியும் இப்படித்தான் அடைக்கும். கொத்திய கறியைக் குழம்போடு சேர்த்தால் இறங்கும். முருங்கைக்காய், வாழைத்தண்டு நார், பரோட்டா, புது பிரெட் எல்லாம் பல மாதம் தள்ளியே இருக்கட்டும்.

ஒரு வாய்க்கு டீஸ்பூன் அளவு, கூழாகும்வரை மெல்வது, ஒரு வேளைக்கு அரை மணி. விக்கல், மூக்கில் நீர், நெஞ்சுக்குழியில் இறுக்கம், இதில் எது வந்தாலும் கையிலிருக்கும் ஸ்பூனைக் கீழே வைத்துவிடுங்கள். அடைத்ததைத் தள்ள தண்ணீர் குடித்தால் நுரையும் எச்சிலுமாக வாந்திதான் வரும். எழுந்து மெல்ல நடந்தால் பெரும்பாலும் சரியாகும். சாப்பிட்டு அரை மணி கழித்தே தண்ணீர்.

மூன்று நான்கு மாதத்தில் வேறொரு சிக்கல். கோழி அடைக்கிறது, முறுக்கும் மிக்சரும் பிஸ்கட்டும் அடைப்பதில்லை. எச்சிலில் கரைந்து வழுக்கிக்கொண்டு போகும், வயிறு நிறைந்ததே தெரியாது. கரைந்த எடை திரும்புவது பெரும்பாலும் இந்த மாலைத் தட்டு வழியாகத்தான். அதே சமயத்தில் முடி கொட்டும். பெரும்பாலும் மறுபடி முளைத்துவிடும், ஆனாலும் புரதத்தையும் இரும்புச்சத்தையும் சோதித்துப் பாருங்கள்.

சத்து மாத்திரைகளை நிறுத்தவே கூடாது. கால்சியத்தில் சிட்ரேட் வகை நல்லது, அமிலம் குறைந்த வயிற்றிலும் சேரும். ஒரு நேரத்துக்கு 500, 600 மில்லிகிராமுக்கு மேல் எடுத்துப் பயனில்லை. இரும்பு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள், இரும்போடு டீ, காபி கூடாது.

வாந்தி ஓரிரு நாளுக்கு மேல் நீடித்தால் வீட்டு வைத்தியத்தில் காத்திருக்காதீர்கள். தயமின் என்ற பி1 வைட்டமின் சீக்கிரம் தீர்ந்துவிடும். கால் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது, பார்வை இரண்டாகத் தெரிவது அவசர நிலை. எந்த மருத்துவமனைக்குப் போனாலும் எடைக் குறைப்பு அறுவை நடந்ததை முதலிலேயே சொல்லி, குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் போடச் சொல்லிக் கேளுங்கள்.